ஆட்டோ கியரில் ஒரு ரோட்டரி: பழைய ஆர்எக்ஸ்-8 வாங்கிப் பழுதுபார்த்த பதிவு

“தம்பி, இத நான் ஒருநாளும் அடிச்சு ஓட்டுனதில்ல. காலையில பிள்ளயப் பள்ளியில விடுவேன், சாயங்காலம் கடைக்குப் போயிட்டு வருவேன், அவ்வளவுதான்” என்று சிங்கப்பூரின் ஹவ்காங்கில் ஒரு பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் நான்காம் மாடியில் அந்த அண்ணன் சொன்னபோது, அது வேறு எந்தப் பழைய வண்டியாக இருந்திருந்தாலும் நான் மகிழ்ந்திருப்பேன். அவர் விற்க வைத்திருந்தது 2008இல் பதிவான மாஸ்டா ஆர்எக்ஸ்-8. ரோட்டரி என்ஜின், ஆறு வேக ஆட்டோ கியர். அந்த என்ஜினுக்கு அவர் கொடுத்த நிம்மதியான வாழ்க்கைதான் ஆகாத வாழ்க்கை. பெரும்பாலான நாள்களில் அது சூடேறி முடியும் முன்பே அணைக்கப்பட்டிருக்கிறது. சூடேறிய நாள்களிலும் ஆட்டோ கியர் அதை நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு மேல் விடாமல் அடுத்த கியருக்குத் தூக்கியிருக்கிறது. ஆனாலும் நான்கு மாதத் தேடலுக்குப் பின் 2024இல் அந்த வண்டியைத்தான் வாங்கினேன். வாங்கும் முன் எதை அளந்தேன், வாங்கிய பின் எதைக் கழற்றி மாட்டினேன் என்பதைக் குறிப்பேட்டைப் பார்த்து இங்கே எழுதுகிறேன்.

ஆட்டோ கியர் எதற்கு என்று கேட்காத நண்பர் இல்லை. காரணம் எளியது: என் மனைவியிடம் இருப்பது 3ஏ உரிமம்; அதைக் கொண்டு கிளட்ச் வண்டி ஓட்ட முடியாது. வீட்டுக்கு ஒரே கார் என்ற நிலையில், அவர் ஓட்ட முடியாத காரை வாங்கிவிட்டு நான் மட்டும் ரசித்துக்கொண்டிருக்க இயலாது.

ஆர்எக்ஸ்-8இன் என்ஜினில் பிஸ்டன் கிடையாது. நடுவில் லேசாக இடுங்கிய நீள்வட்டக் கூட்டுக்குள் பக்கங்கள் சற்றுப் புடைத்த முக்கோண ரோட்டர் ஒன்று சுற்றுகிறது; அத்தகைய கூடுகள் இரண்டு, ஒவ்வொன்றும் 654 சிசி, ஆக மொத்தம் 1,308 சிசி. ரோட்டரின் மூன்று முனைகளிலும் செருகியிருக்கும் மெல்லிய பட்டைகளை ஏபெக்ஸ் சீல் என்பார்கள். பக்கங்களில் வில்லாக வளைந்த சைடு சீல்களும் மூலைகளில் பொத்தான் போன்ற கார்னர் சீல்களும் இருக்கின்றன. இவை யாவும் ஒருசேரக் காற்றைக் கசியவிடாமல் பிடித்தால்தான் அழுத்தம் எழும். ஜெர்மானியப் பொறியாளர் ஃபெலிக்ஸ் வாங்கெலின் இந்த அமைப்பை 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் காரில் இரண்டு ரோட்டர்களாகச் சாலைக்குக் கொண்டுவந்த மாஸ்டா, 1991இல் நான்கு ரோட்டர் 787பி காரைக் கொண்டு லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தையே வென்றது. 2003இல் வந்த ஆர்எக்ஸ்-8க்காகப் புகை வெளியேறும் வாயில்களைக் கூட்டின் சுற்றுச்சுவரிலிருந்து பக்கச்சுவருக்கு மாற்றி, அதற்கு ரெனெசிஸ் என்று பெயரிட்டார்கள். எரியாத பெட்ரோல் புகையோடு போவது குறைந்தது. அவ்வாண்டின் சிறந்த என்ஜினுக்கான அனைத்துலக விருதும் கிடைத்தது. ஆனால் வாயில் இடம்மாறியதால் கரி சேர்வதற்குச் சைடு சீல்களின் ஓரம் வசதியான மூலையாகிவிட்டது. கரி இறுகினால் சீல் தன் பள்ளத்துக்குள் சிக்கிக்கொள்ளும், சிக்கிய சீல் பிடிக்காது, அழுத்தம் விழும்.

ஆட்டோ வண்டியில் இந்தத் தொல்லை கூடுதல். கிளட்ச் வண்டியின் சிவப்புக் கோடு, அதாவது தாண்டக்கூடாத சுழற்சி எல்லை, 9,000 சுற்றில் என்றால் ஆட்டோவில் அது 7,500. கியரைத் தன்போக்கில் விட்டால் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஆறாம் கியருக்குப் போய், 2,000 சுற்றைக்கூட எட்டாமல் உறங்கிக்கொண்டே ஓடும். நம் விரைவுச்சாலைகளின் உச்ச வேகமே 90தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கால் மென்மையான ஒருவர் கையில் பத்தாண்டுகள் இருந்த ஆட்டோ ரோட்டரி ஒருமுறைகூட 6,000ஐக் காணாமல் இருந்திருக்கலாம்.

முதலில் பார்த்த வண்டியைப் பற்றிச் சொல்லாமல் இரண்டாவதைப் பற்றிச் சொன்னால் விளங்காது. ஊபி வட்டாரத்தில் ஒரு பழைய கார் வணிகரிடம் இருந்த 2005ஆம் ஆண்டு வண்டி அது. நான்கு வேக ஆட்டோ. 2006இல் ஆறு வேகம் வரும்வரை ஆட்டோ வண்டிகளுக்குக் காற்று நுழையும் வாயில்கள் நான்கு மட்டுமே கொண்ட என்ஜினையே பொருத்தினார்கள். எண்ணெய் குளிர்விப்பானும் கிளட்ச் வண்டியில் இரண்டு என்றால் அதில் ஒன்றுதான். நம் ஊர் வெக்கையில், மதிய நெரிசலில், அந்த ஒற்றைக் குளிர்விப்பானை நம்புவதற்கு எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் வண்டி பளபளவென்று இருந்தது; என்ஜினின் அழுத்தத்தைச் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோகிராம் விசை என்று அளந்த தாள் ஒன்றும் கையில் கொடுத்தார்கள். முன் ரோட்டர் 8.1, 8.0, 8.1, பின் ரோட்டர் 7.9, 8.0, 7.9. மாஸ்டா வகுத்த அளவின்படி புது என்ஜினுக்கு 8.5, அதாவது 830 கிலோபாஸ்கல்; இதற்குக் கீழே போனால் என்ஜினைத் திறக்க வேண்டியதுதான் என்ற எல்லை 6.9, அதாவது 680. ஒரே ரோட்டரின் மூன்று முகங்களுக்கு இடையே 1.5க்கு மேலும், இரண்டு ரோட்டர்களுக்கு இடையே 1.0க்கு மேலும் வேறுபாடு இருக்கக்கூடாது. ஆக, தாளின்படி அது நலமான என்ஜின்.

தாளில் இல்லாதது ஒன்றே ஒன்று: ஸ்டார்ட்டர் எந்த வேகத்தில் சுழற்றியபோது அந்த எண்கள் கிடைத்தன என்பது. மேற்சொன்ன அளவுகள் எல்லாம் நிமிடத்துக்கு 250 சுற்றுக்கு உரியவை. வலுவான ஸ்டார்ட்டரும் புது பேட்டரியும் சேர்ந்து 300க்கு மேல் சுழற்றினால், கசிவதற்குக் காற்றுக்கு நேரம் குறைவு. தேய்ந்த என்ஜினும் நல்ல எண்ணைக் காட்டும். அதனால் அளந்த எண்ணை 250க்கு ஈடாகத் திருத்திக்கொள்ள வேண்டும். சுழற்சி வேகம் எவ்வளவு என்று கேட்டபோது அங்கிருந்தவர் சிரித்தார். நான் வண்டியை இருபது நிமிடம் ஓட்டி, நன்றாகச் சூடேற்றி, அணைத்துவிட்டுப் பக்கத்துக் காப்பிக்கடையில் ஒரு கோப்பி குடித்துவிட்டு வந்து மறுபடி சாவியைத் திருப்பினேன். ஏழு விநாடி சுற்றியும் பற்றவில்லை. எட்டாவதில் இருமிக்கொண்டு எழுந்தது. ரோட்டரியின் அழுத்தம் போய்விட்டதென்பதை முதலில் காட்டிக்கொடுப்பது சூடான என்ஜினின் இந்தத் தயக்கம்தான். குளிர்ந்த என்ஜினில் தடித்த எண்ணெய் சீலுக்குத் துணை நின்று குறையை மறைத்துவிடும். அந்தத் தாளை மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஹவ்காங் அண்ணனிடம் நான் முன்கூட்டியே கேட்டுக்கொண்டது, நான் வரும்வரை என்ஜினை இயக்க வேண்டாம் என்பதுதான். போனதும் பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், குளிர்ச்சி. முதல் இயக்கம் எளிதாக எழுந்தது, இரண்டு விநாடிதான். இந்த வண்டியில் டேஷ்போர்டின் வெப்பமானியை நம்பக்கூடாது. முள் நடுவுக்கு வந்துவிட்டால், உள்ளே நிலைமை ஓரளவு மோசமாகும்வரை அங்கேயே நிற்கும். ஆகவே வண்டியின் கணினியிலிருந்து தகவலைப் படிக்கும் ஓபிடி செருகியை மாட்டிக் கைப்பேசியில் வெப்பத்தைப் பார்த்தபடி ஓட்டினேன். தொண்ணூறுகளில் நிலைத்தது. சூடாக அணைத்துப் பத்து நிமிடம் காத்திருந்து இயக்கியபோது மூன்று விநாடி, தாங்கக்கூடியது.

கியர்பாக்ஸுக்கு என்று தனியாக நான் பார்த்தவை நான்கைந்துதான். பிரேக்கை மிதித்துப் பியிலிருந்து (நிறுத்தம்) டிக்கு (ஓட்டம்) நகர்த்தியபோது வண்டி கியரைப் பிடிக்க எடுத்த நேரம் ஒரு நொடிக்கும் குறைவு. ஆரிலிருந்து (பின்னோட்டம்) டிக்கு மாற்றும்போது அடியில் ஒரு மெல்லிய இடி கேட்டது. அது கியர்பாக்ஸா, என்ஜினைத் தாங்கும் மவுன்டா என்று அப்போது புரியவில்லை. மென்மையாக முடுக்கும்போது ஒன்றிலிருந்து இரண்டுக்கும், இரண்டிலிருந்து மூன்றுக்கும் ஏறுவது வழுக்காமல் நடந்தது. தீவு விரைவுச்சாலையில் 70இல் ஒரே சீராகக் காலை வைத்திருந்தபோது சுற்றுமானி முள் ஏறி இறங்கி ஆடவில்லை. ஆடியிருந்தால், என்ஜின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரின் பூட்டு பிடித்து விட்டு விளையாடுகிறது என்று பொருள். ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருக்கும் கியர் மாற்றும் துடுப்பை இழுத்தால் ஒவ்வொரு முறையும் கியர் இறங்கியது. அதுவரை போதும் என்று நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை காக்கி புக்கிட்டில் எனக்குப் பழக்கமான பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவர ஹவ்காங் அண்ணன் சம்மதித்தார். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் வண்டியைப் பிரித்துப் போட்டு வேலை செய்ய அனுமதி கிடையாது என்பதால், நான் செய்யும் வேலைகள் எல்லாம் அந்தப் பட்டறையின் ஓரத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில், அங்குள்ள அண்ணனின் கண்பார்வையில்தான் நடக்கும். அழுத்தம் அளக்கச் சாதாரண கம்ப்ரஷன் மானி ஒன்றும், அவர் இரவல் வாங்கி வைத்திருந்த ரோட்டரி மானி ஒன்றும் இருந்தன. இரண்டையும் பயன்படுத்தினோம், ஏனென்றால் சாதாரண மானி சொல்லும் செய்தி வேறு.

ரோட்டரைச் சுமக்கும் தண்டு மூன்று சுற்றுச் சுற்றினால் ரோட்டர் ஒரு சுற்றுத்தான் சுற்றும். ஆகவே தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ரோட்டரின் ஒரு முகம் பிளக் துளைக்கு முன்னால் வந்து அழுத்திவிட்டுப் போகும். 250 சுற்றில் அது விநாடிக்கு ஏறக்குறைய நான்கு துடிப்பு. சாதாரண மானிக்குள் உச்ச அளவைப் பிடித்து வைக்க ஒருவழி வால்வு ஒன்று இருக்கும்; அது இருந்தால் மூன்று முகங்களில் எது வலுவானதோ அதை மட்டும் காட்டிவிட்டு மற்ற இரண்டையும் மறைத்துவிடும். அந்த வால்வைக் கழற்றி எடுத்துவிட்டேன். எரிபொருள் பம்பின் ரிலேயைப் பிடுங்கி, ஒரு பிளக்கைக் கழற்றி அந்த இடத்தில் மானியைத் திருகி, முடுக்கியை முழுவதுமாக மிதிக்கச் சொல்லி, ஆறு விநாடி சுழற்றினோம். கைப்பேசியில் மெதுவோட்டமாகப் பதிவு செய்தேன். முள் துள்ளித் துள்ளி விழுவது, பெரிய, பெரிய, பெரிய என்று ஒரே உயரத்தில் வந்தால் மூன்று முகங்களும் சமம். பெரிய, பெரிய, சிறிய என்று நொண்டினால் ஒரு முகம் போய்விட்டது. முன் ரோட்டர் நாதஸ்வரத்துக்குத் தாளம் போடுவதுபோல் பிசகாமல் அடித்தது. பின் ரோட்டரின் ஒவ்வொரு மூன்றாம் துடிப்பும் மயிரிழை தாழ்ந்தது. காதில் கேட்கவில்லை, ஆனால் மெதுவோட்டத்தில் கண்ணுக்குத் தெரிந்தது.

பிறகு ரோட்டரி மானி. சுழற்சி வேகம் 238 என்று காட்டியது. பட்டறை அண்ணன் பேட்டரியின் முனைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “மொதல்ல பேட்டரியப் பாரு, அப்புறம் என்ஜினக் குறை சொல்லு” என்றார். மின்னூட்டியை மாட்டிச் சுழற்றியபோது வேகம் 270ஐத் தாண்டியது. 250க்குத் திருத்திய பின் குறிப்பேட்டில் எழுதியது: முன் 7.6, 7.4, 7.5; பின் 7.2, 7.0, 7.3. எல்லை 6.9 என்பதால் பின் ரோட்டர் விளிம்புக்குச் சற்று உள்ளே நிற்கிறது. புது என்ஜின் அல்ல. செத்த என்ஜினும் அல்ல. அந்த ஆறு எண்களையும் விற்பவரிடமே காட்டினேன். அவர் அதுவரை அப்படி ஒரு அளவு இருப்பதையே அறிந்திருக்கவில்லை. “நான் மெதுவாத்தானே ஓட்டுனேன்” என்று வருத்தமாகக் கேட்டார். மெதுவாக ஓட்டியதுதான், அண்ணே, என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விலையில் என்ஜினுக்காகக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். நானும் பின்னாளில் என்ஜினைத் திறக்க நேர்ந்தால் ஆகும் செலவென்று பட்டறையில் மதிப்பிட்ட 8,000 சிங்கப்பூர் வெள்ளியைத் தனியே எடுத்து வைத்துவிட்டுத்தான் கையெழுத்துக்குப் போனேன்.

தாள் விவகாரம் சுருக்கமானது. 2018இல், கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழான சிஓஇயைப் பத்தாண்டுக்குப் புதுப்பித்திருந்ததால் 2028வரை ஓடும். ஐந்தாண்டுக்குப் புதுப்பித்த வண்டியாக இருந்தால் அதற்குப் பிறகு நீட்டிக்கவே முடியாது. பத்தாண்டு என்றால் அந்தக் கதவு திறந்திருக்கும். புதுப்பித்த வண்டிக்கு, பதிவை நீக்கும்போது அரசு திருப்பித் தரும் பார்ஃப் கழிவு கிடையாது என்பதால், இறுதியில் கழித்துக்கட்டும்போது உடலுக்கென்று அரசிடமிருந்து எதுவும் திரும்பி வராது. பத்து வயதைத் தாண்டினால் சாலை வரியில் கூடுதல் கட்டணம் ஆண்டுக்குப் பத்து விழுக்காடாக ஏறி ஐம்பதில் நிற்கும். இந்த வண்டி அந்த ஐம்பதுக்கு வந்து சேர்ந்துவிட்டது. கட்டாய வாகனச் சோதனையும் இரண்டாண்டுக்கு ஒருமுறை என்பது போய் ஆண்டுதோறும் ஆகிவிடும். வண்டியின் பதிவு ஆவணமான லாக் கார்டில் மூன்று கைமாற்றங்கள். பெயர் மாற்றம் அரசின் இணைய அடையாளமான சிங்பாஸில் பத்து நிமிடத்தில் முடிந்தது.

முதல் ஞாயிறு: பேட்டரி, பிளக், காயில், வயர். ரோட்டரியில் ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டு பிளக். கீழே இருப்பது லீடிங், முதலில் பொறி கொடுப்பது. மேலே இருப்பது டிரெய்லிங். என்ஜிகே ஆர்இ7சி-எல் கீழுக்கு, ஆர்இ9பி-டி மேலுக்கு. வெப்பத் தாங்கு அளவு வேறு என்பதால் இடம் மாறக்கூடாது. மேலிருந்து கையை விட்டுத் துழாவுவதைவிட, பயணி பக்கத்து முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, சக்கரக் குழிக்குள் தலையை நுழைத்து நீட்டுக் கம்பியால் திருகுவது எளிது. நான்கும் வரிசையாகக் கண்ணுக்குத் தெரியும். முன் ரோட்டரின் பிளக்குகள் இரண்டும் பழுப்பாக, காய்ந்து இருந்தன. பின் ரோட்டரின் மேல் பிளக் மட்டும் சுண்டிய எண்ணெயில் தோய்த்ததுபோல் கறுத்துப் பளபளத்தது. விரலில் பெட்ரோல் வாடை. அந்தப் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலைத் திருப்பிப் பார்த்தால், அடிப் பிசினில் நகக்கீறல் போல ஒரு வெடிப்பு. நான்கு காயில்களும் ஒரே வயது என்பதால் நான்கையும் மாற்றினேன். இந்த வண்டியில் காயிலைக் கஞ்சத்தனமாக நடத்தக்கூடாது: பொறி தவறினால் எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் போய், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிகிறது, அது உருகி அடைத்துக்கொண்டால் வெப்பம் திரும்பி என்ஜினுக்கே வந்து சீல்களைப் பதம் பார்க்கிறது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்குழாய் போடலாம் என்று சிலர் ஆலோசனை சொன்னார்கள். இங்கே அது சட்டப்படி செல்லாது, சோதனையிலும் தேறாது.

அன்று நடந்த தவறு என்னுடையது. வயர்களில் எல்1, டி1, எல்2, டி2 (எல் லீடிங், டி டிரெய்லிங்) என்று ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தேன். எண்ணெய்க் கையில் இரண்டு தாள்கள் உரிந்து விழுந்ததைக் கவனிக்கவில்லை. மாட்டி முடித்து இயக்கியதும் என்ஜின் குலுங்கியது. எச்சரிக்கை விளக்கு நிலையாக எரியாமல் மினுக்கியது. மினுக்கல் என்றால் பொறி தவறிக்கொண்டிருக்கிறது, உடனே அணைக்க வேண்டும். அணைத்துவிட்டுப் பார்த்தால் எல்2வும் டி2வும் தலைகீழ். இப்போதெல்லாம் ஒன்றைக் கழற்றி, ஒன்றை மாட்டி, பிறகுதான் அடுத்ததைத் தொடுகிறேன். எல்லாம் சரியான பின், சாவியை ஆன் நிலையில் வைத்து, என்ஜினை இயக்காமல், எட்டு விநாடிக்குள் பிரேக்கை இருபது முறை மிதித்தேன். எண்ணெய் அழுத்த முள் ஒருமுறை எழுந்து விழுந்தது. தண்டின் நிலையை உணரும் சென்சாருக்காகக் கணினி கற்று வைத்திருந்த பழைய கணக்கை அழித்து, புதிதாகக் கற்க வைக்கும் வழி அது. பார்த்துக்கொண்டிருந்த பட்டறைப் பையன், நான் ஏதோ வேண்டுதல் நிறைவேற்றுகிறேன் என்று நினைத்திருப்பான்.

இரண்டாவது ஞாயிறு கியர்பாக்ஸ் எண்ணெய்க்கு. முன்னவர்கள் யாரும் அதை மாற்றியதற்கான ரசீது இல்லை. வடிகால் திருகைத் திறந்ததும் விழுந்தது கோப்பி ஓ, அதாவது பாலில்லாக் காப்பி, நிறத்தில் இருந்தது. புது எண்ணெயோ ரோஸ் சிரப் சிவப்பு. முகர்ந்து பார்த்தேன்: கருகிய வாடை இல்லை. திருகின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை, விரலில் தேய்த்தால் மாவுபோல் மழுங்கியது. குத்தும் துணுக்கு ஒன்றுகூட இல்லை. துணுக்கு இருந்திருந்தால் அன்றே வேலையை நிறுத்தியிருப்பேன். இயந்திரத்தை மாட்டி அழுத்தத்தில் மொத்தத்தையும் கழுவும் முறை பழைய கியர்பாக்ஸுக்கு வேண்டாம் என்பது அண்ணனின் தீர்ப்பு. எனக்கும் அதில் மாற்றுக்கருத்து இல்லை. வடித்ததை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்தேன், மூன்றரை லிட்டர். கையேட்டில் குறித்த வகை எண்ணெயை அதே மூன்றரை லிட்டர் ஊற்றினேன். டார்க் கன்வெர்ட்டருக்குள் தேங்கியிருப்பது வடியாது என்பதால், வாரம் ஒன்றாக மூன்று முறை இதையே செய்தோம். மூன்றாம் முறை வடிந்தது நீர்த்த தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது; இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏறும்போது இருந்த மெல்லிய உந்தல் போய்விட்டது.

ஆரிலிருந்து டிக்கு மாற்றும்போது கேட்ட இடி மட்டும் போகவில்லை. அது என்ஜின் மவுன்ட். புகைக்குழாய்ப் பக்கத்து மவுன்ட் வெப்பத்தில் வெந்து, ரப்பர் பிளந்து, இரும்பில் இரும்பு உட்கார்ந்திருந்தது. இரண்டையும் மாற்றிய பின் டியில் சிக்னலில் நிற்கும்போது இருக்கையில் ஏறிய நடுக்கமும் அடங்கியது. குளிர்விப்பு நீர், அதன் குழாய்கள், விரிவுத் தொட்டியின் மூடி ஆகியவற்றையும் அதே வாரத்தில் மாற்றினேன். சொல்வதற்கு அதில் ஒன்றுமில்லை.

என்ஜின் எண்ணெயைப் பற்றிச் சொல்ல இருக்கிறது. சீல்களுக்கு மசகாக இந்த என்ஜின் தன் எண்ணெயைச் சிறிது சிறிதாகக் கூட்டுக்குள் செலுத்தி, வேண்டுமென்றே எரிக்கிறது. எண்ணெய் குறைவது கோளாறு அல்ல. குறையாமல் இருந்தால்தான் பம்ப் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். என் கணக்கில் 1,800 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர். ஒவ்வொரு இரண்டாவது பெட்ரோல் நிரப்பலின்போதும் அளவுக்குச்சியைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர்தான் கொடுக்கிறது என்பதால் பெட்ரோல் நிலையத்துக்கு அடிக்கடிதான் போகிறேன்.

வாங்கிய இரண்டாம் மாதத்தில் ஒரு மாலை, பக்கத்து இடம் காலியானதும் என் மனைவி வண்டியை இயக்கி, பத்தடி நகர்த்தி, அணைத்துவிட்டு வந்தார். மறுநாள் காலை வண்டி சுற்றிக்கொண்டே இருந்தது, பற்றவில்லை. குளிர்ந்த ரோட்டரியை இயக்கியவுடன் அணைத்தால் நிறைய ஊற்றப்பட்ட பெட்ரோல் எரியாமல் பிளக்கை நனைத்து, சீலிலிருந்த எண்ணெயையும் கழுவிவிடுகிறது. முடுக்கியைத் தரைவரை அழுத்தியபடி சுழற்றினால் பெட்ரோல் நின்றுவிடும். அப்படிப் பத்து விநாடி சுழற்றி, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி சுழற்றி, நான்காவது முறை காலை எடுத்ததும் பற்றியது. எங்கள் கார் நிறுத்துமிடத்தின் அந்த மாடி முழுவதும் வெள்ளைப் புகை. பக்கத்து வண்டிக்காரர் தீயணைப்பாளரை அழைக்கவா என்று கேட்டார். “என்னங்க, பத்தடி நகத்துனதுக்கா இவ்வளவு கோபம் இதுக்கு?” என்றார் என் மனைவி. இயக்கினால் சூடேறும்வரை ஓட்டு, இல்லையென்றால் தொடாதே என்று அன்றிலிருந்து வீட்டில் ஒரே சட்டம்.

கடைசியாக, ஓட்டும் விதம். வாரத்தில் மூன்று நாளாவது, வெப்பம் 80ஐத் தாண்டிய பிறகு, விரைவுச்சாலையில் சேரும் சரிவில் துடுப்பை இழுத்து இரண்டாம் கியரிலேயே வைத்துக்கொள்கிறேன். இரண்டாம் கியரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுமானி 6,000க்குச் சற்றுக் கீழே நிற்கும். வேக வரம்பை மீறாமலேயே சீல்களுக்கு வேண்டிய உதறல் கிடைத்துவிடும். முதல் சில வாரங்களில் பின்னால் கறும்புகை வந்தது; பிறகு குறைந்தது. ஆட்டோ கியரை டியில் போட்டுவிட்டு மறந்துவிடலாம் என்ற எண்ணத்தில் இந்த வண்டியை வாங்குபவர், ஹவ்காங் அண்ணன் போனது போன்ற வழியில்தான் போவார்.

ஆண்டுச் சோதனையில் புகை அளவு உட்பட எல்லாம் தேறியது. 11,000 கிலோமீட்டர் ஓட்டிய பின், அதே பட்டறையில், அதே மானியில், 250க்குத் திருத்தி எடுத்த எண்கள்: முன் 7.6, 7.5, 7.6, பின் 7.4, 6.9, 7.4. பின் ரோட்டரின் இரண்டு முகங்கள் ஏறியிருக்கின்றன. கரியில் சிக்கியிருந்த சீல் விடுபட்டிருக்க வேண்டும். மூன்றாவது முகம் கரி அல்ல, தேய்மானம். அது எல்லையைத் தொட்டுவிட்டது. சூடான இயக்கத்துக்கு இன்னும் மூன்று விநாடிதான் எடுக்கிறது. அடுத்த அளவு ஆறு மாதத்தில். 8,000 வெள்ளி எடுத்து வைத்த கணக்கில் இன்னும் கை வைக்கவில்லை.